எங்க ஸ்டேஷன் சீனியர் இன்ஸ்பெக்டர் சாருக்கும் கோர்ட்ல இருக்கற அரசு வக்கீல் மேடத்துக்கும்: ஜாமீன்ல இருக்கறவன் வாராவாரம் வந்து கையெழுத்து போடற அந்த ஹஜேரிய வேற ஸ்டேஷனுக்கு மாத்துங்க

போன ஞாயித்துக்கெழம காலைல பத்தே முக்காலுக்கு எங்க வீட்டு வாசலுக்கு ரெண்டு கட்டிங் சாய், அதான் அர கிளாஸ் டீ, வந்துச்சு. நாங்க யாரும் சொல்லி விடல. டப்ரின்னு சொல்ற சின்ன டீக்கடைல வேல பாக்கற பையன் கம்பிக் கூடைல ரெண்டு கிளாஸ வச்சுக்கிட்டு வந்து "பையா அனுப்பிச்சாரு, காசு குடுத்தாச்சு"ன்னு ஹிந்தில சொல்லிட்டு நின்னான். எந்த பையா, எந்த அண்ணன்னு நான் கேக்கல. ஞாயித்துக்கெழம பத்துலேர்ந்து ஒண்ணு வரைக்கும் அந்த டப்ரி பெஞ்சுல யாரு உக்காந்திருப்பான்னு எங்க சால்ல, அதான் வரிசை வீட்டுக் கட்டடத்துல, இருக்கற சின்னக் கொழந்தைக்கு கூட தெரியும். என் தங்கச்சி கைய வெட்டிட்டு இப்ப ஜாமீன்ல வெளிய இருக்கறவன். என் தங்கச்சி உள்ளேர்ந்து எட்டிப் பாத்தா, கிளாஸ பாத்தா, ஒரு வார்த்த பேசல, உள்ள போயி தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா. ரெண்டு மணிக்கு மேலதான் தொறந்தா.

சீனியர் சார், அன்னிக்கே நான் ஸ்டேஷனுக்கு வந்தேன். நீங்க பந்தோபஸ்துக்கு போயிருக்கீங்கன்னாங்க. டியூட்டில இருந்தவர் நான் சொன்னத முழுசா கேட்டாரு, அது வரைக்கும் சந்தோஷம், கேட்டு முடிச்சிட்டு "சாய் அனுப்பறது எந்த செக்ஷன்ல வரும் தாயி?"ன்னாரு. மராத்தில தாயின்னா அக்கா, மரியாதையாத்தான் சொன்னாரு, சிரிச்சுக்கிட்டும் சொன்னாரு. வேணும்னா ஒரு என்.சி., அதான் கேஸ் போடாம குறிச்சு மட்டும் வைக்கற பேப்பர், எழுதிக்கறேன்னாரு, எழுதவும் செஞ்சாரு. அந்தப் பேப்பர் எங்க இட்லிக் கணக்கு நோட்டுக்குள்ள இருக்கு. அதுக்கு முன்னாடி நான் குடுத்த மூணு மனுவோட காப்பியும் அதே நோட்டுக்குள்ளதான் இருக்கு, மூணும் என் பையன் மராத்தில அழகா எழுதிக் குடுத்தது, மூணுக்கும் பதில் இல்ல. அதனால இந்த தடவ எனக்கு வர்ற பாஷைல எழுதறேன், எல்லாரும் படிக்கற மாதிரி போடறேன். உங்க ஸ்டேஷன்ல தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஹவல்தார் ஒருத்தர் இருக்காரு, அவர் படிச்சு சொல்லட்டும். என் பேரு, தங்கச்சி பேரு, ஏரியா பேரு, அவன் பேரு எதுவும் இதுல வராது. கேஸ் நம்பர தனியா கவர்ல போட்டுத் தர்றேன்.

மேடம், உங்களுக்கு இந்த கேஸ் ஞாபகம் இருக்கான்னு தெரியல. கோர்ட் வாசல்ல ஒட்டியிருக்கற போர்டுல உங்க பேருக்கு நேரா எத்தன கேஸ் இருந்துச்சுன்னு அன்னிக்கு வந்தப்ப நானே எண்ணிப் பாத்து பாதில விட்டுட்டேன். அதனால சுருக்கமா சொல்லிடறேன்.

நாங்க திருநெல்வேலிப் பக்கம், தாத்தா காலத்துல பம்பாய் வந்தவங்க. இட்லி யாவாரம். ராத்திரி மூணு மணிக்கு அடுப்பு பத்த வச்சா ஏழு மணிக்கு தங்கச்சி ஸ்டேஷன் வெளிய போயி உக்காந்துடுவா, ரயில்வே ஸ்டேஷன சொல்றேன். அங்கதான் அவன் முதல்ல வந்து நின்னான். இட்லி வாங்கினான், மறுநா வந்தான், நம்பர் கேட்டான், இல்லன்னா, அதுக்கப்புறம் வாங்காம சும்மா நிக்க ஆரம்பிச்சான். 2024 செப்டம்பர்ல கம்ப்ளெயின்ட் குடுத்தோம். பின்னாடி சுத்தறதுக்கு இப்ப புது சட்டத்துல 78-ஆம் பிரிவுன்னாங்க. அன்னிக்கே ஜாமீன்ல வந்துட்டான். அப்பதான் தெரிஞ்சுது, 2022லயே வேற ஏரியால வேற ஒரு பொண்ணு இவன் மேல இதே கம்ப்ளெயின்ட் குடுத்திருக்குன்னு. அப்ப இது ரெண்டாவது தடவதானே, ரெண்டாவது தடவன்னா ஜாமீன் உடனே கெடைக்காதுன்னு சட்டத்துல இருக்குன்னு சொல்றாங்களேன்னு கேட்டேன். அதுக்கு கெடச்ச பதில நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். ரெண்டாவது தடவ பண்றது கணக்கில்லயாம், ரெண்டாவது தடவ தண்டன வாங்கினாத்தான் கணக்காம். 2022 கேஸ் இன்னும் முடியவே இல்ல, அப்ப சட்டத்து கண்ணுக்கு அவன் இன்னும் முதல் தடவக்காரன். கேஸ் முடியற வரைக்கும் எத்தன பொண்ணு பின்னாடி வேணா போலாம், எல்லாமே முதல் தடவதான்.

போன வருஷம் ஜனவரில சாப்பர்ங்கற பெரிய வெட்டுக்கத்தியோட வந்தான். அத விவரமா எழுதப் போறதில்ல, உங்க சார்ஜ்ஷீட்ல எல்லாம் இருக்கு. அதுல இல்லாதத மட்டும் சொல்றேன். மூஞ்சிய மறைக்க தங்கச்சி எடது கைய தூக்கினா, வெட்டு கைல விழுந்துச்சு. முழங்கைக்குக் கீழ நரம்பு ரெண்டு போச்சு, ரெண்டு ஆபரேஷன், மூணு விரலு மடங்காது. இட்லி வெந்ததும் தட்ட கவுத்து ஈரத்துணிய உரிப்போம் பாருங்க, அதுக்கு ரெண்டு கை வேணும், ஒரு கை துணி ஓரத்த இழுக்கும், இன்னொரு கை பின்னாடியே தண்ணி தொட்டு விட்டுக்கிட்டு போகும். இப்ப அவ ஒரு ஓரத்த எடது முழங்கையால அமுக்கிக்கிட்டு வலது கையால உரிக்கறா, சூடு முழங்கைல ஏறுது, அந்த எடம் கறுத்துப் போயி காப்புக் காச்சிருக்கு. நாங்க உரிக்கறோம் விடுன்னா கேக்க மாட்டா. "என் தட்டு, நான்தான் உரிப்பேன்"ங்கறா.

ஒம்பது மாசம் உள்ள இருந்தான். அப்புறம் ஜாமீன் கெடச்சுது. ஜாமீன் குடுத்தது தப்புன்னு நான் எழுதல, தயவுசெஞ்சு இத நல்லா கவனிங்க. விசாரணையே ஆரம்பிக்காம ஒருத்தன எத்தன வருஷம் உள்ள வச்சிருப்பாங்க, எங்க சால்லயே செய்யாத திருட்டுக்கு ரெண்டு வருஷம் உள்ள இருந்துட்டு வந்த பையன் இருக்கான், அதனால அந்த நியாயம் எனக்குப் புரியுது. ஜட்ஜும் கண்ண மூடிக்கிட்டு குடுக்கல. இவன் மேல பழைய கம்ப்ளெயின்ட் இருக்கு, கம்ப்ளெயின்ட் குடுத்த பொண்ணுக்கு ஆபத்து இருக்கு, அதனால நிபந்தன போடறேன்னு ஆர்டர்லயே எழுதியிருக்காங்க. அப்ப இவன் ஆபத்தானவன்னு நான் சொல்லல, கோர்ட்டே சொல்லுது.

அந்த ஆர்டர் எங்க கைக்கு வந்த கதைய கேளுங்க. ஒரு ஞாயித்துக்கெழம தேங்கா வாங்கறதுக்கு அண்ணாச்சி கடைக்கு போன தங்கச்சி கைல தேங்காயோட ஓடி வந்தா, "அக்கா, அவன் போலீஸ் ஸ்டேஷன் எதுத்தாப்புல சாய் குடிக்கறான்"ன்னா. நான் நம்பல, ஜெயில்ல இருக்கறவன் எப்படி சாய் குடிப்பான், கை வெட்டுப்பட்டதுலேர்ந்து அவளுக்கு அப்பப்ப அப்படி தோணும், கூட்டத்துல எவனயாவது பாத்து அவன்தான்னு நடுங்குவா. போயி பாத்தா அவனேதான். ஜாமீன் கெடச்சு அப்பவே ஒம்பது நாள் ஆச்சு. ஒருத்தரும் ஒரு போன் பண்ணல. முதல்ல கேஸ விசாரிச்ச அதிகாரி மாறிப் போயிட்டாரு, புதுசா வந்தவர் "உங்களுக்கு தெரியும்னு நெனச்சேன்"ன்னாரு. இலவச சட்ட உதவிக்கு ஓடினோம். பொம்பளைங்களுக்கு வருமான கணக்கு பாக்காம வக்கீல் குடுக்கணும்னு 1987 சட்டத்துலயே இருக்காம், அதுவும் அன்னிக்குத்தான் தெரியும். அந்த வக்கீலம்மாதான் ஈ-கோர்ட்ஸ்ங்கற கோர்ட் வெப்சைட்லேர்ந்து ஆர்டர எடுத்து பிரிண்ட் போட்டுத் தந்தாங்க. ஒம்பது பக்கம், இங்கிலீஷ். நிபந்தன எல்லாம் எட்டாவது பக்கத்துல இருக்கு.

மூணுதான் முக்கியம். கம்ப்ளெயின்ட் குடுத்தவங்கள நேரடியாவோ மறைமுகமாவோ தொடர்பு கொள்ளக்கூடாது. இந்த போலீஸ் ஸ்டேஷன் எல்லைக்குள்ள காலே வைக்கக்கூடாது, ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் ஆஜராக வர்றதத் தவிர. மூணாவது, சார்ஜ் ஃப்ரேம் ஆகற வரைக்கும், அதான் கோர்ட் குத்தச்சாட்ட பதிவு பண்ற வரைக்கும், வாராவாரம் ஞாயித்துக்கெழம காலைல பத்துலேர்ந்து ஒரு மணிக்குள்ள இந்த ஸ்டேஷன்ல வந்து ஹஜேரி போடணும்.

வக்கீலம்மா படிச்சு சொல்லச்சொல்ல ரெண்டாவதுக்கு அம்மா கையெடுத்து கும்பிட்டாங்க. மூணாவது சொன்னதும் தங்கச்சி சிரிச்சா. அந்த சிரிப்ப நீங்க கேட்டிருக்கணும் சார். ஏன்னா உங்க ஸ்டேஷன் எங்க சந்து முனைல இருக்கு, எங்க வாசல்லேர்ந்து எண்ணி எம்பது அடி எடுத்து வச்சா உங்க கேட்டு. ரெண்டாவது நிபந்தனல எல்லைக்குள்ள வராதன்னு சொன்ன அதே ஆர்டர், மூணாவது நிபந்தனல வாராவாரம் எங்க வீட்டு முன்னாடி வந்துட்டு போன்னு சொல்லுது.

ஆர்டர் எழுதினவங்களுக்கு எங்க வீடு எங்க இருக்குன்னு தெரிய நியாயமில்ல. பொதுவா எந்த ஸ்டேஷன் கேஸோ அந்த ஸ்டேஷன்லயே ஹஜேரின்னு போடறது வழக்கம்னு வக்கீலம்மா சொன்னாங்க. ஆனா மேடம், ஜாமீன் மனு நடந்த அன்னிக்கு நீங்க அங்க இருந்தீங்க. சீனியர் சார், உங்க ஸ்டேஷன்லேர்ந்து ஒருத்தர் ஃபைலோட வந்திருந்தாரு. அந்தப் பொண்ணு வீடு ஸ்டேஷனுக்கு பக்கத்துலதான் இருக்குன்னு சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? எங்கள கூப்ட்டிருந்தா நாங்களே சொல்லியிருப்போம். பாதிக்கப்பட்டவங்க பேச்ச எல்லா கட்டத்துலயும் கேக்கணும்னு 2022லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்குன்னு பிற்பாடு தெரிஞ்சுக்கிட்டோம். லக்கிம்பூர் கேரில விவசாயிங்க மேல கார் ஏறின கேஸ் அது, மந்திரி மகனோட ஜாமீனையே அதனாலதான் ரத்து பண்ணாங்க.

பதினாலு ஞாயித்துக்கெழம ஆச்சு. ஒரு ஞாயித்துக்கெழம எப்படி போகும்னு சொல்றேன். கல்யாண் பக்கம் அவங்க அக்கா வீட்டு அட்ரஸ் குடுத்திருக்கான், அங்கேர்ந்து லோக்கல்ல வர்றான். தண்டவாள வேலைக்காக ரயில கொறைக்கற மெகா பிளாக் ஞாயிறுல ஊரே லேட்டா வரும், இவன் லேட்டா வர மாட்டான். ரயில்வே ஸ்டேஷன்ல கூட்டாளிங்க ரெண்டு பேரு பைக்கோட நிப்பாங்க. பத்து அஞ்சுக்கெல்லாம் கையெழுத்து போட்டுடுவான். அதுக்கு மேலதான் விஷயமே. வெளிய வந்து எதுத்தாப்புல டப்ரி பெஞ்சுல உக்காருவான், ஒரு மணி வரைக்கும் உக்காருவான். பேச மாட்டான், கூப்பிட மாட்டான், எங்க சந்து பக்கம் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான். நான் போயி சொன்னா உங்க ஆளுங்க "ஆர்டர்ல ஒரு மணி வரைக்கும் டைம் இருக்கு, நாங்க என்ன பண்ண"ங்கறாங்க. அய்யா, ஒரு மணிக்குள்ள வந்து கையெழுத்து போடுன்னா மூணு மணி நேரம் உக்காந்து சாய் குடின்னு அர்த்தமா? ரேஷன் கடை ஒரு மணி வரைக்கும் தொறந்திருந்தா அரிசி வாங்கினவன் ஒரு மணி வரைக்கும் அங்கயே குடியிருப்பானா?

அந்த ஹஜேரி ரிஜிஸ்டர நான் ஒரு தடவ எட்டிப் பாத்தேன், காட்டின ஹவல்தார திட்டாதீங்க, நான்தான் கெஞ்சினேன். தேதி, வந்த நேரம், கையெழுத்து. அவ்வளவுதான். போன நேரம்னு ஒரு கட்டமே இல்ல. வந்தத எழுதறாங்க, போனானான்னு கேக்க ஆள் இல்ல.

இப்ப எங்க பக்கம் பாருங்க. எங்க சால்ல வீட்டுக்குள்ள கக்கூஸ் கெடையாது, பொதுக் கக்கூஸுக்கு போகணும்னா அந்த டப்ரிய தாண்டித்தான் போகணும். அதனால ஞாயித்துக்கெழம காலைல எந்திரிச்சதுலேர்ந்து தங்கச்சி தண்ணி குடிக்க மாட்டா. சாய் குடிக்க மாட்டா. மத்தியானம் வரைக்கும் அடக்கிக்கிட்டு உக்காந்திருப்பா, ரெண்டு தடவ யூரின் இன்ஃபெக்ஷன் வந்து டாக்டர்கிட்ட போயாச்சு, டாக்டர் நெறைய தண்ணி குடிக்கணும்மாங்கறாரு, அவர்கிட்ட என்னத்த சொல்றது. யாவாரத்துக்கு ஞாயித்துக்கெழமதான் பெரிய நாள், பில்டிங்காரங்க குடும்பத்தோட சாப்பிட வாங்குவாங்க, மத்த நாள் முந்நூறு இட்லின்னா ஞாயித்துக்கெழம அறநூறு போகும், மெதுவட வேற. பதினாலு ஞாயிறா அந்த யாவாரம் இல்ல. ஒரு ஞாயிறு அம்மா மட்டும் போறேன்னு கெளம்பி, பெட்டிய தூக்க முடியாம பாதி வழில திரும்பி வந்தாங்க. என் பையன் ஞாயித்துக்கெழம கிரிக்கெட்டுக்கு போறதில்ல, வாசப்படில உக்காந்து போன நோண்டற மாதிரி காவல் காக்கறான், பதினாறு வயசு அவனுக்கு.

நிபந்தன போட்டது அவன் மேல. வெளிய போகாம, தண்ணி குடிக்காம, யாவாரம் பண்ணாம அந்த நிபந்தனய கடைப்பிடிக்கறது நாங்க.

இதுல எங்களுக்கு புத்தி சொல்றவங்களுக்கும் கொறச்சலில்ல. ஊருக்கு அனுப்பிடுங்க, தென்காசில சித்தி வீடு இருக்குல்லன்னு சொல்லாத ஆளே இல்ல. பேசி முடிச்சுக்கங்கன்னு பெரியவங்க ரெண்டு பேரு வந்தாங்க, சாப்பிட்டுட்டு போங்கன்னு சொல்லி அனுப்பிட்டோம். தங்கச்சிகிட்ட ஊருக்கு போறியான்னு நானும் ஒரு தடவ கேட்டேன், கேட்டுருக்கக்கூடாது. "நான் எதுக்கு தடிபார் ஆகணும்"னா.

தடிபார்னதும் அதையும் சொல்லிடறேன், ஏன்னா நெறைய பேரு அதத்தான் கேளுங்கன்னு சொல்றாங்க. மகாராஷ்டிரா போலீஸ் சட்டத்துல டி.சி.பி., அதான் போலீஸ் துணை கமிஷனர், உத்தரவு போட்டா ரெண்டு வருஷம் வரைக்கும் ஒருத்தன ஜில்லாவ விட்டே வெளிய அனுப்பலாம். ஆனா நாங்க இங்கயே பொறந்து வளந்தவங்க சார், தடிபார் ஆனவன் ராத்திரி கடைசி லோக்கல்ல வந்து அம்மா கையால சாப்பிட்டுட்டு காலைல முதல் லோக்கல்ல போறத சின்ன வயசுலேர்ந்து பாத்திருக்கோம். ஒருத்தன ஊர விட்டு அனுப்பறது சாதாரண விஷயமில்ல, கண்டபடி பண்ணக்கூடாதுன்னு 2022 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கு, அதுவும் சரிதான். அப்புறம் சில பேரு அவன் கால்ல ஜி.பி.எஸ். மாட்டச் சொல்லுங்கறாங்க. ஜாமீன்ல இருக்கறவன் எங்க போறான் வர்றான்னு போலீஸ் சதா எட்டிப் பாக்கற மாதிரி நிபந்தன போடக்கூடாதுன்னு 2024 ஜூலைல தீர்ப்பு வந்திருக்கு, கூகுள் மேப்ல லொக்கேஷன் ஷேர் பண்ணுன்னு போட்ட நிபந்தனய தூக்கினாங்க. நான் அதையும் கேக்கல. சந்துப் பசங்க வேற ஒண்ணு சொன்னாங்க, ஃபோட்டோவ வாட்ஸ்அப்ல சுத்த விட்டுடறோம், இல்ல ஒரு நாள் நாலு தட்டு தட்டி அனுப்பிடறோம்னு. பாசத்துலதான் சொன்னாங்க. அவன் ஃபோட்டோ போற எடமெல்லாம் எந்தப் பொண்ணுன்னு கேள்வி பின்னாடியே வரும், அடிச்சா அடுத்த நாள் கேஸ் எங்க பசங்க மேல. வேண்டாம்னுட்டேன். பசங்கள அடக்கி வச்சிருக்கறது நான்தான் சார், அது உங்களுக்கு தெரியணும்னு சொல்றேன்.

எங்க பெரியம்மா மக கனடால ஸ்கார்பரோல இருக்கா. அவ கதையா சொல்லுவா, அங்க ஒருத்தன் தண்டனய முழுசா முடிச்சிட்டு வெளிய வந்தாலும், மறுபடியும் யாரையாவது பெருசா காயப்படுத்துவான்னு நியாயமான பயம் இருந்தா ஜட்ஜ் ஒரு பாண்ட்ல அவன கட்டிப் போடலாமாம், இந்த எடத்துக்கு போகாத, இவங்ககிட்ட பேசாதன்னு, ஒரு வருஷம், சில பேருக்கு ரெண்டு வருஷம். அத மீறினா மீறினதே தனி குத்தம், அதுக்கே ஜெயில். அங்கயும் எல்லாம் ஒழுங்கா நடக்குதுன்னு அவளே சொல்ல மாட்டா. ஆனா இங்க நெலம என்ன? நிபந்தனய மீறினான்னா நீங்க பிடிச்சு உள்ள போட முடியாது, ஜாமீன ரத்து பண்ணச் சொல்லி மனு போடணும், குடுத்த ஜாமீன எடுக்க பலமான காரணம் வேணும்னு ரொம்ப வருஷமா கோர்ட் சொல்லிட்டு வருது. சரி, பலமான காரணம் எங்கேர்ந்து வரும்? நான் வந்து சொன்னப்பல்லாம் நீங்க டைரில எழுதி வச்சிருந்தா வரும். நீங்க என்.சி. எழுதி மூடிட்டா கோர்ட்ல போயி என்னத்த காட்டுவேன், சாய் கிளாஸயா? (காட்டுவேன். அந்த ரெண்டு கிளாஸையும் கழுவாம பிளாஸ்டிக் பைல கட்டி பரண்ல வச்சிருக்கேன், டப்ரிக்காரர் வந்து கிளாஸ் கேட்டாரு, காசு குடுத்துட்டேன்.)

அப்புறம் "சாய் அனுப்பறது எந்த செக்ஷன்"ன்னு கேட்டவருக்கு ஒரு பதில். 2020ல மத்தியப் பிரதேச ஹைகோர்ட்ல ஒரு ஜாமீன் ஆர்டர் வந்துச்சு, பொண்ணுகிட்ட வம்பு பண்ணினவன் அந்தப் பொண்ணு வீட்டுக்கே ஸ்வீட் பாக்ஸோட போயி ராக்கி கட்டிக்கணும்னு நிபந்தன. நாடே கொதிச்சுப் போச்சு. 2021 மார்ச் 18ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அத அடிச்சு தூக்கிட்டு, இந்த மாதிரி கேஸ்ல எந்த ஜாமீன் நிபந்தனயும் அவனும் அந்தப் பொண்ணும் சந்திக்கற மாதிரியோ தொடர்பு கொள்ள எடம் குடுக்கற மாதிரியோ இருக்கக்கூடாது, ஜாமீன் குடுத்தா உடனே கம்ப்ளெயின்ட் குடுத்தவங்களுக்கு சொல்லணும், ரெண்டு நாளைக்குள்ள ஆர்டர் காப்பி அவங்க கைக்கு போகணும்னு எழுதி வச்சாங்க. ரெண்டு நாள் சார். எங்களுக்கு ஒம்பதாவது நாள் சாய்க்கடைல தெரிஞ்சுது. ஸ்வீட் பாக்ஸோட வீட்டுக்கு வர்றது தப்புன்னா ரெண்டு கட்டிங் சாய் அனுப்பறது மட்டும் எப்படி விருந்தாளித்தனம் ஆகும்? ஆர்டர்ல எட்டாவது பக்கத்துல "மறைமுகமாவோ"ன்னு ஒரு வார்த்த இருக்கு, அந்த வார்த்தைக்கு கம்பிக் கூடையோட வந்த அந்தப் பையன்தான் அர்த்தம்.

நான் கேக்கறது பெரிய விஷயமே இல்ல.

மேடம், முதல்ல உங்ககிட்ட. ஹஜேரி போடற ஸ்டேஷன மாத்தச் சொல்லி ஒரு மனு போடுங்க, அர பக்கம் போதும்னு எங்க வக்கீலம்மா சொன்னாங்க. கல்யாண்ல அவங்க அக்கா வீட்டுக்கு பத்து நிமிஷத்துல ஒரு போலீஸ் ஸ்டேஷன் இருக்கு, அங்க போடட்டும் கையெழுத்து, அவனுக்கும் ரயில் காசு மிச்சம், அவன் வக்கீலே இத எதிர்க்க ஒரு காரணமும் இல்ல. எதிர்த்தார்னா ஏன் எதிர்க்கறீங்கன்னு ஜட்ஜ் முன்னாடி கேளுங்க, அந்த பதில நானும் கேக்கணும். நாங்களும் எங்க வக்கீல் மூலமா தனியா போடறோம், ஆனா அரசு தரப்புலேர்ந்து வந்தா அதுக்கு கனம் ஜாஸ்தி. அதே மனுவுல "ஸ்டேஷனுக்கு வர்றதத் தவிர"ங்கற அந்த வரியையும் எடுக்கச் சொல்லுங்க, கோர்ட்டுக்கு மட்டும் இருக்கட்டும். இனிமே இந்த கேஸ்ல எது நடந்தாலும், மனு, தேதி, ஆர்டர், எதுவா இருந்தாலும் எங்களுக்கு முன்னாடியே ஒரு மெசேஜ் வரணும்.

சீனியர் சார், ஆர்டர் மாறற வரைக்கும் உங்க கைல இருக்கறத செய்ங்க. அவன் வந்ததும் கையெழுத்து வாங்கிட்டு போன நேரத்தையும் எழுதுங்க, பேனாவால ஒரு கோடு இழுத்தா புதுசா ஒரு கட்டம் வந்துடும். வேல முடிஞ்சதும் எல்லைய தாண்டி போயிட்டானான்னு பாக்க ஒரு ஆளப் போடுங்க, அவர் பேரும் நம்பரும் எங்ககிட்ட இருக்கணும். 112க்கு அடிச்சா எவரோ வர்றாரு, முதல்லேர்ந்து கதை சொல்ல வேண்டியிருக்கு. சாய் வந்ததையும் டப்ரில உக்காந்திருக்கறதையும் ஆர்டர மீறினதா ஸ்டேஷன் டைரில எழுதி, ரிப்போர்ட்டா மேடத்துக்கு அனுப்புங்க. டப்ரிப் பையன மட்டும் மெரட்டாதீங்க, அவன் என்ன பண்ணுவான், அவன் முதலாளிகிட்ட கேட்டாலே போதும்.

உங்க கேட்டுக்கு மேல ஒரு கேமரா இருக்கு, அது பாக்கறது நேரா அந்த பெஞ்சத்தான். எல்லா ஸ்டேஷன்லயும் கேமரா வைக்கணும், பதிவ 18 மாசம் வச்சிருக்கணும், முடியாதுன்னா ஒரு வருஷத்துக்கு கொறையக்கூடாதுன்னு 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது. பதினாலு ஞாயித்துக்கெழமயோட பத்துலேர்ந்து ஒண்ணு வரைக்கும் உள்ள பதிவ அழியாம எடுத்து வைங்க. தேதி எல்லாம் கவர்ல எழுதியிருக்கேன்.

கடைசியா, 2018 சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துல மனு போட்டிருக்கோம். அதுக்கு ஆபத்து எவ்வளவுன்னு ஏ.சி.பி., அதான் உதவி கமிஷனர், ரிப்போர்ட் குடுக்கணும், கேட்டதுலேர்ந்து அஞ்சு வேல நாளுக்குள்ள போகணும்னு திட்டத்துலயே இருக்கு. சாட்சியும் குத்தவாளியும் நேருக்கு நேர் பாத்துக்காம ஏற்பாடு பண்றதும் அதுல ஒண்ணு. அந்த ரிப்போர்ட் எழுத யாராவது வீட்டுக்கு வந்து பாக்கணும்னா ஞாயித்துக்கெழம காலைல வாங்க, பத்து மணிக்கு. எங்க வீட்டு ஜன்னல் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டுத் தர்றேன், ஒரு மணி வரைக்கும் உக்காந்து பாருங்க. தண்ணி குடிக்காம உக்காருங்கன்னு சொல்ல மாட்டேன்.

இந்த லெட்டரோட மராத்தி காப்பிய என் பையன் எழுதிட்டிருக்கான், திங்கக்கெழம நானே கொண்டு வந்து குடுக்கறேன். பதில எழுத்துல குடுங்க, எந்த பாஷையா இருந்தாலும் படிச்சுக்கறோம். வாங்கினதுக்கு என் காப்பில ஸ்டாம்ப் அடிச்சு தேதி போட்டுக் குடுங்க. போன மூணு தடவயும் ஸ்டாம்ப் பேட் காஞ்சு போச்சு, அப்புறம் வாங்கன்னு சொன்னாங்க. அதனால நேத்து கடைல புதுசா ஒரு ஸ்டாம்ப் பேட் வாங்கி வச்சிருக்கேன், ஊதா கலரு, திங்கக்கெழம அதையும் கைல எடுத்துட்டு வர்றேன்.

எம்பது அடி தள்ளி இருக்கற வீட்டுலேர்ந்து,
இட்லிக்கார வீட்டு மூத்தவ